சின்னம்மாவின் முதல் பந்தயக் கார்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை, தான் கார்ப் பந்தயம் ஓடப்போவதாகச் சின்னம்மா சொன்னார். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த மீனை வைக்காமலே திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டார். "ஓம்" என்றார் சின்னம்மா. அந்த விடயம் பற்றி எங்கள் வீட்டில் நடந்த முதலாவது கலந்துரையாடல் அவ்வளவுதான்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. புங்குடுதீவு மடத்துவெளியில் எங்களோடுதான் இருந்தார். வேலணையில் அரசாங்க வேலை. வீதி போடும் இடங்களில் அளவு நாடாவோடு நின்று, கிறவல் மண் சொன்ன கனத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். தீவுப்பகுதியில் எந்த ஒழுங்கையின் எந்த வளைவில் கல் கிளம்பியிருக்கிறது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஒழுங்கைகளில் அவர் மோட்டார் சைக்கிள் ஓடும் வேகம் அப்பாவுக்கு மட்டுமே சரியாகத் தெரியும். ஒருமுறை அவசரத்துக்கு அவர் பின்னால் ஏறி யாழ்ப்பாணம் போன அப்பா, திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தார்.

கிளிநொச்சிக்கு அப்பால், குளங்களுக்கு நடுவே போகும் கிறவல் வீதிகளில், தெற்கிலிருந்து ஒரு மோட்டார் கழகம் பந்தயம் வைக்கப்போவதாக அறிவித்திருந்தது. முதன்முதலாக ஓடுகிறவர்களுக்கு அதில் தனிப் பிரிவு இருந்தது. எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு முந்துகிற பந்தயம் அல்ல. தூரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மறித்து வைத்த வீதியில் ஒவ்வொரு காராக விடுவார்கள்; எடுத்த நேரத்தைக் கணக்கிடுவார்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று குறிப்புக் கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சின்னம்மாவுக்கு ஓட விருப்பம் இருந்தது, விடுமுறை இருந்தது. கார்தான் இருக்கவில்லை.

கனடாவில் இருந்த மாமா தொலைபேசித் திரையில் தோன்றி, நாலு சில்லும் இழுக்கிற பெரிய எஞ்சின் கார் ஒன்றை எடுக்கச் சொன்னார். கொஞ்சம் காசு தானும் போடுகிறேன் என்றார். சின்னம்மா அவசரப்படவில்லை.

"அண்ணை, உந்தக் காரின்ரை ஒரு ரயருக்கே என்ரை மாசச் சம்பளம் காணாது. உடைஞ்சால் சாமானுக்கு ஆரிட்டைப் போறது? நான் இப்பதான் பழகப்போறன். பழகிற கார் உடையும். உடைஞ்சால் நாளைக்கே பூட்டக்கூடிய கார்தான் எனக்கு வேணும்."

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. சேர்த்து வைத்ததில் பாதிக்குத்தான் கார். மற்றப் பாதி தலைக்கவசம், நல்ல ரயர்கள், இருக்கைப் பட்டிகள், கார் உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசியாமல் இருக்கப் பூட்டும் இரும்புக் கூடு ஆகியவற்றுக்கு. காருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு ஓடுவதற்குத் தான் அவ்வளவு விசரி இல்லை என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

முதலில் காரைநகரில் ஒரு கார் இருப்பதாகச் செய்தி வந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்து போனோம். அந்தக் காரைக் கண்டவுடன் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. செக்கச்செவேலென்ற சிவப்பு. பின்னால் இறக்கை மாதிரி ஒரு தகடு. அகலமான சில்லுகள். விற்க நின்ற அண்ணை எஞ்சினை முறுக்கிக் காட்டினார். பக்கத்து வளவுக் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன.

சின்னம்மா எஞ்சினைப் பார்க்கவே இல்லை. கைப்பையிலிருந்து, பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்தார். கைலேஞ்சித் துணியில் அதைச் சுற்றி, கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் வைத்தார். காந்தம் ஒட்டவில்லை. கையை எடுத்ததும் நிலத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"அண்ணை, இது தகடில்லை. கறள் தின்ற ஓட்டைக்குப் பசையடைச்சு மேலாலை பெயின்ற் அடிச்சிருக்கு."

"எஞ்சின் சிங்கம் மாதிரி, தங்கச்சி."

"எஞ்சினை மாத்தலாம் அண்ணை. உடம்பை மாத்த ஏலாது."

எங்கள் பக்கத்தில் கார்கள் ஓடித் தேய்வதில்லை. உப்புக்காற்றில் கறள் பிடித்துத்தான் சாகின்றன. இது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வரும்போது மிதவையில் நான் அழுதேன். சிவப்புக் கார் வரப்போகிறது என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

மூன்று கிழமையில் ஆறு கார்கள் பார்த்தோம். காந்தம் ஆறு தடவையும் விழுந்தது. ஏழாவது கார் ஊர்காவற்றுறையில், ஓய்வுபெற்ற ஒரு தாதியம்மாவின் வீட்டில், ஓலைக் கொட்டிலுக்குள் நின்றது. சாம்பல் நிறம். மூக்குச் சப்பையான சின்ன யப்பான் கார். ஒரு பக்கக் கண்ணாடிக்குப் பதிலாக முகம் பார்க்கிற வட்டக் கண்ணாடியைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"பிள்ளை, எஞ்சின் புகைக்குது. உள்ளதைச் சொல்லிப்போட்டன். பிறகு என்னைப் பேசக் கூடாது" என்றார் தாதியம்மா.

சின்னம்மா காந்தத்தை வைத்தார். டொக்கென்று ஒட்டியது. சுற்றிச் சுற்றி வைத்தார். எல்லா இடமும் ஒட்டியது. பிறகு பழைய சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய், நெடுநேரம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் கழிவெண்ணெய் வாங்கி அடித்தகடு முழுக்கப் பூசுவித்ததாகத் தாதியம்மா சொன்னார். அடியிலிருந்து சின்னம்மாவின் குரல் மட்டும் வந்தது: "அம்மா, நீங்கள் தெய்வம்."

அதே வகைக் கார்கள் வடக்கு முழுக்க வாடகைக்கு ஓடின. உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். திருத்தத் தெரியாத மெக்கானிக் இல்லை. நிறை குறைவு. கியர் கையால் போடுவது. இவையெல்லாம் சின்னம்மா அப்பாவுக்கு விளக்கியவை. நான் கண்டது, புகைக்கிற ஒரு சாம்பல் காரை ட்ராக்டரில் கட்டிக் கடல் நடுவே போகும் தாம்போதி வழியாக இழுத்து வந்ததையும், பஸ்ஸில் போன என் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்ததையும்தான். அடுத்த நாள் வகுப்பில் அதற்கு "நேர்ஸம்மா கார்" என்று பெயர் வைத்தார்கள். நான் இரண்டு நாள் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றேன்.

எஞ்சினைப் பிரித்துத் திருத்த ஒரு மாதம் பிடித்தது. இரும்புக் கூட்டை, தண்ணீர்த்தாங்கிக்குக் கால் செய்கிற வேலணை ஒட்டு வேலைக்காரர், கழகம் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துச் செய்தார். பக்கத்தில் இருந்து வளைவு சொல்லச் சின்னம்மாவின் அலுவலகச் சிநேகிதி ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய வீட்டில் விடவில்லை. பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அன்று பின்னேரம் சின்னம்மா முன்விறாந்தையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். அம்மா பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். மேசையில் கிடந்த வளைவுக் கொப்பியின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "இதிலை தூரத்துக்கும் வேகத்துக்கும் கணக்கே சரியில்லை. ஆர் எழுதினது?" என்று கேட்டார். சின்னம்மா தலையை நிமிர்த்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எனக்குக் காரிலை போனால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் எண்டு உனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

"மணக்கிறதுக்குத் தேசிக்காய் கொண்டு வாங்கோ அக்கா."

பந்தய நாள் காலை குளக்கட்டில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், நானும் அப்பாவும் நின்றோம். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒன்று வளைவில் சறுக்கி வயலுக்குள் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அப்பா என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் நொந்தன. பிறகு சாம்பல் கார் வந்தது. அது மற்றவற்றைப் போல உறுமவில்லை; தையல் இயந்திரம் மாதிரி ஒரே சீராகச் சத்தம் போட்டது. வளைவுக்கு முன் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தை ஒரு வீச்சு வீசி, கல்லெல்லாம் பறக்கத் திரும்பியது. அந்தக் கணத்தில் இடப்பக்கத்தில் அம்மாவைக் கண்டேன். கொண்டைக்கு மேல் தலைக்கவசம். ஒரு கையில் கொப்பி. மற்றக் கையில் மூக்கோடு சேர்த்துப் பிடித்த தேசிக்காய். வாய் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"அது அம்மா! அது என்ரை அம்மா!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற சிங்கள மாமா ஒருவர் அப்பாவைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பாவும் தானே ஓட்டியது போலத் தலையாட்டினார்.

புதியவர்கள் பிரிவில் ஓடிய இருபத்தெட்டுக் கார்களில் பதினாறுதான் முடித்தன. எங்கள் கார் ஒன்பதாவது. தீவிலிருந்து வந்த அக்காவும் தங்கையும் என்று ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் சொன்னார்கள். அம்மா இரண்டு இடத்தில் சத்தி எடுத்தாராம். ஒரு வளைவையும் சொல்லாமல் விடவில்லையாம். இறங்கியவுடன் புழுதி முகத்தோடு சின்னம்மாவின் தோளில் அடித்து, "நாலாவது கட்டத்திலை நான் சொன்ன மாதிரித் திரும்பியிருந்தால் ஏழாவது வந்திருப்பாய்" என்றார். ஒன்பதாவது இடத்துக்கு இவ்வளவு சிரிப்பா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு நானும் சிரித்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது, எதிரே வந்த பஸ் சாரதி நிறுத்தி ஹோர்ன் அடித்தார். தாதியம்மா மல்லிகைச் சரம் கொண்டுவந்து காரின் முன்னால் கட்டினார். வகுப்பில் அதை இப்போது "எங்கடை கார்" என்று சொன்னார்கள். அடுத்த சில கிழமைகளில் காரை விலைக்குக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள். வருகிறவர்களுக்கு அடித்தகட்டைக் காட்டி விளக்கம் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வான் ஒன்றில் ஒரு தாயும் மகனும் இரண்டு உறவினரும் வந்து இறங்கியபோது, அவர்களும் அதற்குத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன். மகன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர். அன்றைக்குச் சின்னம்மா சேலை உடுத்திருந்தார். வெளிநாட்டுக்காரருக்கு விற்பதென்றால் அப்படித்தானாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அம்மா பலகாரம் சுட்டிருந்தார்.

அந்த வெளிநாட்டு மாமா மற்றவர்களைப் போலச் சில்லை உதைத்துப் பார்க்கவில்லை. முழங்கால் மடித்து, அடியில் எட்டிப் பார்த்து, முன்பக்க வில்லுகளை மாற்றினீர்களா, எந்த ரயர் போட்டு ஓடினீர்கள் என்று கேட்டார். சின்னம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பொனற்றைத் திறந்தார். இருவரும் எஞ்சினுக்கு மேல் குனிந்து நெடுநேரம் கதைத்தார்கள். சின்னம்மா அப்படிக் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்போது அவருடைய தாய் சிரித்தபடி சொன்னார்: "நல்ல வடிவாய் ஓடியிருக்கிறா. ஆசை தீர்ந்துதுதானே. இனி இதை வித்துப்போடலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. காருக்கு முன்னால் போய் நின்று, "இது விக்கிறதுக்கு இல்லை" என்றேன்.

அம்மா என் தோளில் கிள்ளினார். சின்னம்மா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாமா தன் தாயைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, உள்ளை வாங்கோ" என்று சொல்லிச் சின்னம்மா பொனற்றை மூடினார்.

வான் போனபிறகு அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் சின்னம்மா என்னை வேலணைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். காரைக் காப்பாற்றியதற்கான பரிசு என்று அதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன்.

வந்தவர்கள் கார் வாங்க வந்தவர்கள் அல்ல என்பது, வளர வளர எனக்குத் தானாகவே விளங்கிவிட்டது. சின்னம்மா வேண்டாமென்று நினைத்ததைத்தான் நான் சொல்லிவைத்தேன் என்றுகூட வெகுகாலம் நம்பியிருந்தேன். போன வருடம், சின்னம்மா தன் மூன்றாவது காருக்கு ரயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டேன். நட்டை இறுக்குவதை நிறுத்தாமலே, "நல்ல மனிசன், எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார். நான் சொன்னது சரி என்று அந்த மாமா ஒரு சொல் சொல்லுவாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாராம். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓம் என்றிருப்பாராம்.