காலுக்கு வந்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தபோது, திராட்சைக்கு அடிக்கிற மருந்தைத்தான் திட்டினேன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவிவிட்டேன். பிறகு கணுக்கால் வீங்கியது. நாள் முழுக்கப் பந்தலடியில் அண்ணாந்து நின்று கொடிகளைக் கவாத்து வெட்டினால் வீங்காமல் என்ன செய்யும் என்றேன். கவாத்து முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் சொல்ல, நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தேனியில் டாக்டர் அவருடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, கோளாறு காலில் இல்லை, ஈரலில் என்றார். ஈரல் தழும்பேறிவிட்டதாம். காலில் நீர் கோத்ததும் உள்ளங்கால் அரித்ததும் அதனால்தானாம். குடிக்காதவர்களுக்கும் சர்க்கரையாலும் கொழுப்பாலும் இப்படி வரும் என்று பொறுமையாகச் சொன்னார். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அத்தனையும் கேட்டுவிட்டு, திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்.

“எனக்குத் தெரியாம குடிக்கிறீகளா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது, “ஊருல காலு நோவுன்னே சொல்லு,” என்றார். எங்கள் பக்கம் ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடி என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

நானும் அப்படியே சொல்லி வைத்தேன். ஒரு வாரத்தில் சின்னமனூரிலிருந்து என் அண்ணன் வந்தார், பை நிறையத் தைலமும் மாத்திரையுமாக.

“ரெண்டே நாளு. வலி இருந்த எடம் தெரியாது மாப்பிள்ள,” என்று ஒரு மாத்திரையைப் பிய்த்து நீட்டினார்.

மறுக்க வழி தெரியாமல் என் வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினார். செம்பு என் கையில் இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு மாத்திரையைப் பிடுங்கினேன்.

“அவுகளுக்குக் காலுல ஒண்ணுமில்லண்ணே. ஈரலு கெட்டுப்போச்சு. இதப் போட்டா உசுருக்கே ஆபத்து.”

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எப்பருந்து குடிக்கிறீக மாப்பிள்ள?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவுக ஒரு சொட்டுத் தொட்டதில்ல. யாரப் பாத்து என்ன கேக்குற?”

என் வீட்டுக்காரர் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் அதத்தான கேட்ட,” என்றார்.