நேரில் வந்து அழைத்ததாக

கல்யாணம் நிச்சயமான வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம் வரும். நான் பெயிண்டர். பத்திரிகை அடிக்கக் கொடுத்த கையோடு சுவருக்கும் வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் மேஜை மேல் கட்டுக்கட்டாக அடுக்கிய கல்யாணப் பத்திரிகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு வீடு. பட்டி வைத்த சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் சோபாவில் உட்கார்ந்து, போனில் பத்திரிகையின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று, தவறாமல் வருகை தர வேண்டுகிறோம்."

படித்துவிட்டு, "இது இருந்தா பாதி வீட்டுக்குப் போக வேணாம்ல?" என்றாள்.

"பாதி என்னா, எல்லாத்துக்கும் வாட்ஸப்தான்," என்றார் மாப்பிள்ளை.

என் கையில் உப்புத்தாள் நின்றுவிட்டது. அந்த வரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தேன். சுவரைப் பார்த்து நின்றபடி செய்கிற வேலை என்பதால்தான் இந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனது. யாருக்கும் முகம் கொடுத்துப் பேச வேண்டியதில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரே அக்கா. அவள் லிங்கராஜபுரம், நாங்கள் ஜோகுபாளையம். தூரம் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு மகன், எனக்கு ஒரு மகள். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "எம் மருமவ வந்துட்டாடா," என்றாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அவளை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பேச்சில் தம்பி மகளும் மருமகள்தான். மகனுக்குக் கட்டி வைத்தால் அவளும் மருமகள்தான். அத்தை மகனுக்குப் பெண் கொடுப்பது எங்களில் உள்ள வழக்கம். அக்கா எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சொல்லும்போதெல்லாம் சிரித்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். இருபத்து நாலு வருஷம் அப்படியே போனது.

என் மகள் தன்னோடு வேலை செய்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன். எங்களுக்கும் சம்மதம். பேச்சு, நிச்சயம் எல்லாம் ஒரே நாளில் மாப்பிள்ளை வீட்டிலேயே முடிந்தது. அக்காவுக்கு நான் போனில்கூடச் சொல்லவில்லை. மகனுக்கென்று அவள் நினைத்துக்கொண்டிருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பத்திரிகை வைக்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

சிக்பேட்டையில் ஒரு கடையில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தோம். நான் ஐந்தாவது வரை தமிழ் படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட மாதிரிகளில் ஒன்றில், அடியில் பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது. இரண்டு முறை படித்தேன். எனக்கென்றே யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது. இதைப் போடச் சொன்னேன்.

"அது வெளியூர்க்காரங்களுக்குப் போடறது சார். உங்களுக்கு எல்லாரும் பெங்களூர்தானே?" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்."

"ஆய்த்து, போட்டுர்றேன். அப்பறம் யாரும் வரலன்னா எங்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எங்களில் பத்திரிகை கொடுப்பது என்று சொல்வதில்லை, வைப்பது என்போம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போக வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் வைத்து, அதன் மேல் பத்திரிகையை வைத்து, வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்து, வாய் நிறையக் கூப்பிட வேண்டும். முதல் பத்திரிகை சாமிக்கு. அதை அல்சூர் கோயிலில் வைத்தோம். இரண்டாவது கூடப் பிறந்தவள் வீட்டுக்கு.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போயி வெச்சிட்டு வந்துரலாங்க," என்றாள் என் மனைவி.

"எனக்கு அந்தப் பக்கம் வேல இருக்குது. நானே போறப்ப வெச்சிட்றேன்."

"தனியா போயி வெக்கக் கூடாதுங்க. உங்க அக்கா தப்பா நெனச்சிக்கும்."

"அக்காதானே. ஒண்ணும் நெனைக்காது."

வெள்ளிக்கிழமை காலையில் பையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டு இரும்புக் கேட் பச்சை நிறம். நான் அடித்துக் கொடுத்த பச்சைதான். கேட்டைத் தொட்டபடி நின்றேன். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அக்கா யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது உள்ளே போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பத்திரிகையைக் கேட்டின் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் செருகிவிட்டுத் திரும்பிவிட்டேன். நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளச் சொல்லித்தான் அச்சடித்திருக்கிறதே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். பையிலிருந்த பழத்தை வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"வெச்சீங்களா?"

"வெச்சிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வரேன்னாங்க."

வைத்தேன் என்பது பொய் இல்லை. வருகிறேன் என்றாள் என்பது பொய்.

நலங்கு அன்று காலையில் மகளை மணையில் உட்கார வைத்தாயிற்று. எங்களில் முதல் மஞ்சளை அத்தைதான் பூச வேண்டும். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அத்தை எங்கப்பா? போன் பண்ணு," என்றாள் மகள். மனைவி போனை என் கையில் கொடுத்தாள். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"சொல்லுடா."

"எங்க இருக்க? எல்லாரும் உனக்காகக் காத்துட்டு இருக்காங்க."

"வீட்லதான் இருக்கறேன்."

"வரலியா?"

"வந்துட்டனே."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"நேர்ல வந்து கூப்புட்டதா நெனச்சிக்கச் சொல்லி கார்டுல எழுதியிருந்தியே. புள்ள படிச்சிக் காட்டுனான். நானும் நெனச்சிக்கிட்டேன். இப்ப நீ நெனச்சிக்க, நான் நேர்ல வந்து நலங்கு வெச்சிட்டேன்னு."

அவள் கத்தவில்லை. "கொழந்த கண்ணுல மஞ்ச பட்டுறப் போவுது. பாத்து பூசச் சொல்லு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "வரேன்னு சொன்னாங்கன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள். ஓர் ஆட்டோ பிடித்துப் போய்க் காலில் விழுந்திருந்தால்கூட அரை மணி நேரத்தில் அவளை அழைத்து வந்திருக்கலாம். நான் வாசலில் தோரணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். மனைவியின் அக்கா முதல் மஞ்சளைப் பூசினார். கல்யாணத்துக்கும் அக்கா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

எட்டு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நினைப்பதுதான் எனக்குச் சுலபமாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அக்காவும் மாமாவும் நிற்கிறார்கள். முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி வந்ததில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம், "கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றாள். குடித்து முடித்துத் தட்டை எடுத்து வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. அவள் மகனுக்குக் கல்யாணம்.

"வாங்கிக்கடா. கையில வெக்கறேன், கேட்ல இல்ல," என்றாள்.

வாங்கிக்கொண்டேன். பொண்ணு எந்த ஊர் என்று மனைவி கேட்டாள்.

"தங்கவயல் பொண்ணு. மூணு வருஷமா ரெண்டும் பேசிட்டு இருக்குதுங்க."

"மூணு வருஷமாவா?" என்றேன். அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா. உம் பொண்ணுக்குப் பேசி முடிச்சப்பவே எனக்குத் தெரியும். ஊரே சொல்லிச்சு, நீதான் சொல்லல. சரி, பத்திரிக வெக்க வருவான், அப்ப எம் புள்ள கதையச் சொல்லலாம், ரெண்டு பேரும் சிரிக்கலாம்னு இருந்தேன்."

"நீ எப்பவும் மருமவளேன்னு கூப்புடுவியே. அதான்..."

"தம்பி பொண்ணு மருமவ இல்லாம வேற யாருடா?" என்றாள்.

பத்திரிகையைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் பத்திரிகையில் அந்த வரி இருந்த இடத்தில், இதில் தாய்மாமன் என்று போட்டு என் பெயர் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு நான்தான் பெயிண்ட் அடித்தேன். கடைசியாகக் கேட். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பி கம்பியாக அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா டீ கொண்டுவந்து பின்னால் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேங்க்கா. மன்னிச்சிக்க," என்றேன்.

"யார்கிட்ட சொல்ற, இந்தக் கேட்டுகிட்டயா?"

பிரஷ்ஷை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னேன். அக்கா டீயை என் கையில் கொடுத்தாள்.

"சரி, விடு. ஆனா அந்தக் கொழந்தைக்கு நலங்கத் திரும்ப வெக்க முடியாதில்லடா," என்றாள்.

கேட் இன்னும் காயவில்லை, கை வைத்துவிடாதே என்று மட்டும் சொன்னேன்.