தெரியாது என்று சொன்ன டொக்டர்

நாலைந்து வருசத்துக்கு முன்பு, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்ட்டில் நடந்தது இது. எங்கள் வீடு கெலிஓயாவில். என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள், உடம்பெல்லாம் வயரோடு கிடந்தாள்.

சேர்த்த கையோடு ஓர் ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் விளக்கினார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் குழாய் வழியாகத்தான் தாய்ப்பால் போகும். அந்தப் பாலை மெதுவாகக் கூட்டுவது நல்லதா, வேகமாகக் கூட்டுவது நல்லதா என்று பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பார்க்கின்றனவாம். எந்தப் பிள்ளைக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி கம்ப்யூட்டர்தான் சொல்லுமாம். நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

என் மகளுக்கு மெதுவாக என்று விழுந்தது. பக்கத்துப் பெட்டியில் இருந்த, அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு தாயின் மகனுக்கு வேகமாக. அங்கேதான் வந்தது வினை. எனக்குப் பால் நன்றாகச் சுரந்தது. பீச்சிக் கொடுத்த பால் ஃபிரிட்ஜில் நிறைந்து கிடக்க, என் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. மீதிச் சத்து சேலைனில் போகிறது என்று நேர்ஸ் எத்தனை தடவை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பையனுக்குப் பால் கூடக் கூட எனக்கு வயிறு எரிந்தது. அவன் தாய் நல்ல மனுசி, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கொண்டுவருவார். இருந்தும் எரிந்தது.

நம்ம ஊரில் எதற்கும் ஆள் பிடிப்பதுதானே வழக்கம். என் கணவர் திகனவில் ஒரு கடையில் வேலை. அவருடைய முதலாளிக்கு ஆஸ்பத்திரியில் ஒருவரைத் தெரியும். அவரைப் பிடித்து, மகளை அந்த வேகமான பக்கம் மாற்றிவிடும்படி வார்ட் டொக்டருக்குச் சொல்லவைத்தேன்.

மறுநாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண். நன்றாக வாங்கிக்கட்டப் போகிறேன் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பால வச்சுக்கிட்டு பட்டினி போட மனசு கேக்கல டொக்டர். எது நல்லதோ அத எம்புள்ளைக்குக் குடுங்க," என்று அழுதுவிட்டேன்.

"எது நல்லது எண்டு எனக்குத் தெரியாது அம்மா," என்றார் அவர். "தெரிஞ்சா எல்லாப் பிள்ளையளுக்கும் அதைத்தானே குடுப்பன்."

ஒரு டொக்டர் வாயால் அப்படிக் கேட்டதே இல்லை. வேகமாகக் கூட்டினால் பிள்ளை சீக்கிரம் தேறலாம், குடல் தாங்காமலும் போகலாம். மெதுவாகக் கூட்டினால் குடலுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் சேலைன் அதிக நாள் ஏறி அதனால் கிருமி தொற்றலாம். ஒரே ஆஸ்பத்திரிப் பிள்ளைகளை வைத்து முடிவு சொல்ல முடியாது, அதனால்தான் எல்லோரும் சேர்ந்திருக்கிறோம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். விருப்பமில்லாவிட்டால் இப்பவே விலகலாம், கவனிப்பில் ஒரு குறையும் வராது, பிள்ளைக்கு ஒன்றென்றால் ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றும் சொன்னார்.

ஏதோ தெரிந்த மாதிரி இரண்டு வார்த்தை சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம். அதைச் செய்யாத மனுசியிடம் என் பிள்ளையை விட எனக்குப் பயமில்லை. நான் விலகவில்லை.

இரண்டு பிள்ளைகளும் தேறி வீட்டுக்குப் போனார்கள். மகள் ஓடித் திரியத் தொடங்கிய பிறகு ஒருநாள் அதே டொக்டர் போனில் கோல் எடுத்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, பெற்றோருக்கும் முடிவைச் சொல்ல வேண்டும் அல்லவா என்றார். இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். அப்போ நான் ஆள் பிடித்ததெல்லாம் சும்மாதானா என்று கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

"இனி வாற அம்மாமார் அழுதுகொண்டு கேட்டா, சொல்லுறதுக்கு என்னட்ட ஒரு பதில் இருக்கு," என்றார். "அது உங்கட மகளும் சேர்ந்து தந்த பதில்."

என்னைப் போல வயிறு எரிந்து நிற்கப்போகிற, நான் முகமே பார்க்காத ஏதோ ஒரு தாய்க்கு, உள்ளங்கை அளவு இருந்தபோதே என் மகள் ஆறுதல் சொல்லிவிட்டாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.