கதவுக்கு வெளியே இருந்த இங்ரிட் அக்கா

இங்ரிட் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் வால்டர். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மாலதி, இங்ரிட் போயிட்டா. நித்திரையிலையே இருதயம் நின்றிட்டுது" என்றார். வால்டரின் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. பல வருடங்களாகவே விருப்பமில்லை. அதன் காரணத்தைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதவும் முடியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்துக்கடை நடத்திவந்த இங்ரிட் அக்கா, எங்கள் ஜெர்மன் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரேயொரு தவணை உறுப்பினராக இருந்தார். ஆளுங்கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனம்தான் கூடுதல். யாராவது இருமினால்கூட அமைச்சர்களின் முகம் கறுத்துப்போன காலம் அது. அவருடைய தொகுதி அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்வது என் வேலை. என்னிடமிருந்து அவர் முதலில் பிடித்துக்கொண்ட தமிழ்ச் சொல் "இருங்கோ". கதவைத் திறந்து வருகிற ஜெர்மன்காரருக்கும் அதையே சொல்வார். அவர்களும் மறுபேச்சில்லாமல் கதிரையில் இருப்பார்கள். (அவரும் மற்றவர்களும் ஜெர்மனில் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.)

அந்தச் சபையில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்து உறுப்பினர் நோயில் விழுந்தால், மறுபக்கத்தில் ஒருவர் வாக்கெடுப்புக்குப் போகாமல் வெளியே இருந்துவிடுவார். ஒருவருடைய நோயால் ஆட்சி கவிழக்கூடாது, மற்றவருடைய நோயால் ஆட்சி கொழுக்கவும் கூடாது. கையெழுத்தெல்லாம் கிடையாது, வாய்ச்சொல்தான். அக்காவும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த வால்டரும் தவணையின் தொடக்கத்திலேயே கைகொடுத்து இப்படிச் சோடி சேர்ந்தார்கள். அக்காவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்த மாரியில் வால்டர் வாரக்கணக்கில் வெளியே இருந்தார். சொந்தக் கட்சிக்காரர் திட்டியும் அவர் அசையவில்லை.

பிறகு இலங்கையில் சண்டை மறுபடி மூண்டது. இங்கே எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. என் தம்பி சுதனிடம் இருந்தது டுல்டுங். திருப்பி அனுப்புவதைக் கொஞ்சக் காலத்துக்குத் தள்ளிவைக்கிற தாள் அது. இருப்பதற்கான உரிமை அல்ல. மனிதாபிமானம் கருதி ஒருவரை இருக்கவிடும்படி சொல்லக்கூடிய மாநிலக் குழு ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சிய கதவு. அவனுடைய அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அங்கே கிடந்தது. அந்தக் குழுவையே கலைக்கும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது.

சுதன் வேலை உடுப்போடு அலுவலகத்துக்கு வந்தான். அக்கா "இருங்கோ" என்றார். அவன் இருக்கவில்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் சாமான் கட்டவோ?"

நான் மொழிபெயர்த்தேன். அக்கா அவனுடைய முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "கட்டாதேங்கோ. நான் அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் வாக்குப் போடுவன்."

அந்த ஒரு வாக்கு மாறினால் சட்டம் விழும். அது எங்களுக்கும் தெரிந்தது, கட்சிக்கும் தெரிந்தது. அதன் பிறகு அலுவலகத்துக்கு வருகிற கட்சிக்காரர் குறைந்தார்கள். தொலைபேசியை எடுத்தால் மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டு வைபடும். கட்சியின் கொறடா ஒருநாள் வந்து, தேநீர் குடித்து, சுவர்களை ஆறுதலாகப் பார்த்தார். "வடிவான அலுவலகம். அடுத்த முறை ஆருக்குக் கிடைக்குமோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாக்கெடுப்பு நாளன்று அக்காவோடு சட்டமன்றத்துக்கு நானும் போனேன். மண்டப வாசலில் கொறடா காத்து நின்றார். "வால்டரை விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம். சத்திரசிகிச்சையாம்" என்றார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இங்ரிட், அவர் உங்கட சோடிதானே?"

அக்கா அப்படியே வாசலில் கிடந்த நீள மர வாங்கில் இருந்துவிட்டார்.

"உள்ளுக்குப் போங்கோ அக்கா" என்றேன். "நீங்கள் எதிர்த்தால் இரண்டு பக்கமும் சமன். சமன் எண்டால் சட்டம் விழும்."

"ஏலாது, மாலதி." அதை அவர் தமிழிலேயே சொன்னார். "எனக்காக அந்த மனிசன் ஒரு மாரி முழுக்க வெளியில இருந்தவர்."

"அவரும் இந்தச் சட்டத்துக்கு எதிர்தானே. ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ, விடுவார்."

"சத்திரசிகிச்சைக்குப் படுத்திருக்கிற மனிசனிட்ட, உன்ர வருத்தத்தைப் பார்க்காமல் என்னை விடு எண்டு கேக்கிறதோ?"

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சட்டம் ஒரு வாக்கால் நிறைவேறியது. அன்றிலிருந்துதான் வால்டரின் குரல் எனக்கு ஆகாமல் போனது.

அந்த இலையுதிர் காலத்தில் சுதனைப் பிராங்பேர்ட்டிலிருந்து விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பிலிருந்து சில தடவை பேசினான். பிறகு, தங்கியிருந்த இடத்துக்கு வந்த ஒரு வான் வண்டியில் அவனை ஏற்றிப் போனதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். அக்கா கேட்டு எழுதாத அலுவலகம் இல்லை. எங்கிருந்தும் ஒழுங்கான பதில் வரவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. சுதனின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் முறை வாசலிலேயே தயங்கி நின்றவரிடம் அம்மாதான் "இருங்கோ" என்றா. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் மேலிருந்த அன்பும் ஒரு துளி குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இறுதிச் சடங்குக்குப் போனேன்.

மயானத்துச் சிற்றாலயத்தின் வாசலில், மழைத் தூறலில், ஒரு வாங்கில் வால்டர் இருந்தார். தொப்பி மடியில் கிடந்தது. மணி அடித்தது.

"உள்ளுக்கு வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"இங்ரிட் சபையை விட்டுப் போயிட்டா. நான் வெளியில இருக்க வேணும். எங்கட பேச்சு அதுதான்."

நான் நகரவில்லை. அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்கு எனக்குப் பின்னேரம்தான் சத்திரசிகிச்சை. காலமை முழுக்க ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தன். அவ ஒருக்கா எடுத்திருந்தால், போய் எதிர்த்துப் போடு எண்டு சொல்லியிருப்பன்."

"நீங்கள் எடுத்திருக்கலாமே."

"சொல்லுக் கொடுத்தவ அவ. அதை மீறச் சொல்லி நான் எடுத்தால் அவவுக்கு அவமானம் எண்டு நினைச்சன்."

இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்ததில் என் தம்பி போனான். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. குடையை அந்த மனிதரின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

போய் வாருங்கள், அக்கா. அங்கே சுதனைக் கண்டால் "இருங்கோ" என்று சொல்லுங்கள், இந்த முறை அவன் இருப்பான். காணாவிட்டால், அதைவிட நல்ல செய்தி எங்களுக்கு வேறில்லை.