குறட்டை நின்ற நேரம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இரண்டு மாடி ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டாலே, எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது சொந்த வீட்டில் மட்டும் இத்தனை வருடம் செவிடாகக் கிடந்ததே என்பதில்தான் அவருக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

மனைவி இறந்தபின் வீட்டில் அவரும் எட்டு வயது மகளும்தான். மகள் படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவாள். எங்கள் வீட்டில் ராத்திரியானால் லாரி ஓடுகிறது என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பகலில் அவள் வகுப்பில் தூங்கி விழுந்தாள். படித்தது தலையில் நிற்கவில்லை. படுக்கையும் நனைந்தது. ஒருநாள் காலை, வேலைக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில் அவள் முதுகில் ஓர் அறை வைத்தார். அவள் அழவில்லை. ஈர விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

காய்ச்சலுக்கென்று போன இடத்தில் டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, தூக்கத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க ஐந்து மாதமாகும், அதுவரை வீட்டிலேயே ஒரு கருவியை மாட்டிப் பார்க்கலாம் என்றார். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் சிவப்பு வெளிச்சம் எரியும் கிளிப். எல்லாவற்றையும் நர்ஸ் ஒரு பொம்மைக்கு மாட்டிக் காட்டினார்.

அன்றிரவு மாட்டும்போது மகள் கேட்டாள். "இது எதுக்குப்பா?"

"நீ மூச்சு ஒழுங்கா விடுறியான்னு பாக்க."

"விடலைன்னா?"

"பேசாம படு."

குழாய் கழன்றுவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் குறட்டை ஏறியது. பிறகு நின்றது. அப்பாடா, இனி நன்றாகத் தூங்குவாள் என்று இத்தனை வருடம் அவர் திரும்பிப் படுத்தது அந்த நேரத்தில்தான். அன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் நெஞ்சு எழும்பத் தவித்தது, மூக்கில் காற்றே இல்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று எண்ணினார். அவள் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள்போல் மூச்சை இழுத்துப் புரண்டாள். மறுபடி குறட்டை, மறுபடி அமைதி. ஒவ்வொரு தடவைக்கும் சட்டைப்பையில் இருந்த லிஃப்ட் சர்வீஸ் சீட்டின் பின்புறம் ஒரு கோடு போட்டார். நடுவில் தூக்கத்திலேயே அவள் குழாயைப் பிய்த்தெறிந்தாள். ஒட்ட ஒட்டப் பிய்த்தாள்.

பெரிய கோளாறு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பாதி இரவுதான் பதிவாகியிருந்தது. அவர் சீட்டை நீட்டினார். டாக்டரம்மா கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"குழந்தைங்களுக்கு வீட்ல எடுத்து சரியா இருக்குன்னு வந்தா, அதோட விட்டுட முடியாது. நீங்க பாத்ததை நான் நம்புறேன்."

டாக்டரம்மாவே பேசித் தேதியை முன்னால் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மணிக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு தடைபடுவது தெரிந்தது. டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தார்கள்.

கண் விழித்தவளிடம், "அன்னிக்கு அடிச்சிட்டேன்மா. உன் தப்பு இல்லைன்னு அப்ப எனக்குத் தெரியலை" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியாலா, கோபத்தாலா என்று தெரியாமல் அவர் போர்வையை இழுத்துவிட்டார்.

படுக்கை நனைவது நின்றது, பகல் தூக்கமும் போனது. ஆனால் பள்ளியில் அதற்குள் முடிவு எடுத்துவிட்டிருந்தார்கள். அதே வகுப்பில் இன்னொரு வருடம். ரிப்போர்ட்டோடு போய் நின்றார். டீச்சர் முழுவதையும் படித்து வருத்தப்பட்டார். தேர்ச்சிப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

பள்ளி திறந்த அன்று அவரே கூட்டிப்போனார். பழைய தோழிகள் படியேறி மாடிக்குப் போனார்கள். இவளை, உயரமாக இருந்து பின்னால் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கிறாள் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் ஜன்னலோரம் நின்று கையசைத்தார்.

"நீங்க போங்கப்பா" என்றாள்.

மணி அடிக்கும்வரை வாசலில் நின்றுவிட்டு வேலைக்குப் போனார்.