யசோதா படித்துச் சொன்ன தெலுங்கு

ஆந்திராவில் வெதுருகுப்பம் தேவசேனா, வீட்டில் தமிழ்தான் என்றாலும், தெலுங்கில் சண்டை போடுவாள், பேரம் பேசுவாள், பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை வாங்காமல் இறங்கமாட்டாள். படிக்க மட்டும் வராது. கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். மகளிர் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்போ முழுக்கத் தெலுங்கு எழுத்து. அதனால் திருப்பதியில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்ததும், போனைப் பக்கத்து வீட்டு யசோதாவிடம் கொடுப்பாள். யசோதா படித்துச் சொல்வாள், பதிலும் அவளே போடுவாள். ஆறு வருஷமாக இப்படித்தான். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பைத்தியக்காரி.

இந்தத் தடவை பாங்க் லோன் அவள் முறை. இரண்டு கறவை மாடு வாங்கிவிட்டால் லாட்ஜுக்கு ஒரு பெரிய கும்பிடு. சங்கத்தில் பத்துப் பேரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். பேர் கெட்டவளுக்கு ஒருத்தியும் போடமாட்டாள். போன வாரம் யசோதா ஒரு காகிதத்தை நீட்டி, "உன் லோன் பேப்பர்தான்டி, போடு" என்றாள். போட்டாள்.

ஒரு மாதமாகவே சங்கத்துப் பெண்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏதோ அவசரம் போல என்று விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், லோன் எப்போது வரும் என்று அவள் கேட்டதும் லீடர் கமலம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேணாம்னு நீயே எழுதிட்டு இப்ப வந்து கேக்குறியே?"

தேவசேனாவின் போனை வாங்கி, குரூப்பில் இருந்ததைக் கமலம்மா எல்லோர் முன்னாலும் படித்தாள். யசோதா எழுதியிருந்தது: தேவசேனா லாட்ஜுக்குப் போவது துணி துவைக்க அல்ல, இவளுக்குக் கையெழுத்துப் போட்டால் நம் பேரும் கெடும். அதற்குக் கீழே, தேவசேனாவின் போனிலிருந்தே பதில்: நான் எப்படியோ இருப்பேன், உங்கள் லோனும் வேண்டாம்.

"அப்ப நான் கையெழுத்து போட்டது?"

"அது யசோதாவோட லோன் பேப்பர். நீ வேணாம்னுட்டா அடுத்த முறை அவளுது. அவளுக்கு ஜாமீன் போட்டிருக்கற. அவ கட்டலன்னா நீயும் சேந்து கட்டணும்."

தேவசேனா யசோதாவின் முன்னால் போய் நின்றாள். மாடு போன எரிச்சல்கூட அப்புறம்தான். யசோதா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் தெறந்து கேட்டிருந்தா லோன உனக்கே வுட்டுக் குடுத்திருப்பனே. என் வூட்ல சோறு துன்னுக்கினே என்னப் பத்தி இப்டி எழுத உனக்கு எப்டிடி மனசு வந்துச்சி?"

யசோதா தலையை நிமிர்த்தவில்லை.

"நீ எங்க படிச்சிப் பாக்கப் போறேன்னுதான்" என்றாள்.