படம் தம்பிக்கு, சிவப்பு வயர் அக்காவுக்கு

என் நாத்தனார் ஃபிஃபிதா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டிவியின் முதுகைத்தான் பார்ப்பாள். அப்புறம்தான் மனிதர்களை நலம் விசாரிப்பாள். ஆக்லாந்து சொந்தக்காரர்கள் பீப்பாயில் அடைத்து அனுப்பும் சாமானில் நாங்களெல்லாம் துணிக்கும் டின் இறைச்சிக்கும் அடித்துக்கொள்வோம். அவளோ அடியில் சிக்கிக் கிடக்கும் வயர்களுக்காகத் தலைகீழாக உள்ளே இறங்குவாள். கால் இரண்டும் வெளியே ஆடும்.

மஞ்சள் வயரில் படம், வெள்ளையில் இடப்பக்கச் சத்தம், சிவப்பில் வலப்பக்கச் சத்தம். டோங்காவில் எங்கள் ஊருக்கே இதைப் பாடமாக்கியவள் அவள்தான். பக்கத்து வீட்டில் ஒருமுறை மஞ்சளை வெள்ளைத் துளையில் குத்திவிட்டார்கள். டிவி பன்றி மாதிரி உறுமியது, வீடே ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு வீட்டில் மஞ்சள் வயரை எலி தின்றிருந்தது. இவள் வெள்ளை வயரை எடுத்து மஞ்சள் துளையில் குத்தினாள், படம் வந்தது.

"நிறமெல்லாம் நம்ம கண்ணுக்குத்தான் லேசி. வயரு குடுத்தத கொண்டுபோய்ச் சேக்கும், அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னாள்.

என் மகன் மாகா டோங்கா அணிக்காக முதல்முறை ரக்பி ஆடிய சனிக்கிழமை அவளுக்கே சோதனை வந்தது. என் கணவர் செமிசி அவளுடைய தம்பி. எங்களில் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் டிவி பார்ப்பதில்லை. அவள் காதுபட அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை. அதனால் முன்னறையில் ஒரு டிவி, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பின்னறையில் ஒரு டிவி. ஆனால் சேனல் பிடித்துத் தரும் பெட்டி ஒன்றுதான். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் துண்டை இந்த மகராசி தேவாலயப் பாட்டுக் குழுவுக்கு இரவல் கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்தாள். குழு படகேறிப் பக்கத்துத் தீவுக்குப் போயாகிவிட்டது.

"படம் உங்களுக்குத்தான் அண்ணி. நம்ம வழக்கத்துல அத்தைக்கு அப்புறம்தான் அப்பன்" என்றேன்.

"பெத்தவன் கண்ணக் கட்டிட்டு நான் பாக்கவா? மஞ்சளும் வெள்ளையும் தம்பிக்குக் குத்து. சிவப்பு எனக்கு. இன்னிக்கு நம்ம அணிக்காக ஊரே சிவப்புதானே கட்டியிருக்கு!"

மாகாவுக்கு நடை பழக்கியதே அவள்தான். எனக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் அவளோடு யார் வாதாடுவது? பின்னறையில் இருட்டு டிவியின் முன்னால் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்து, ஒற்றை வயரில் வரும் வர்ணனைக்கே கை தட்டினாள். நான் இரண்டு அறைக்கும் நடுவில் வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"லேசி, புள்ள எங்க நிக்கிறான்?"

"ஓரத்துல, அண்ணி. மூக்கச் சொறியிறான்."

"கடவுளே, டிவில போய் மூக்கையா!"

திடீரென்று பந்து மாகாவின் கைக்கு வந்தது. ஒருவனைத் தள்ளினான், இன்னொருவனைத் தாண்டினான், கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தான். நான் அலறினேன், அவள் அலறினாள். அதற்கும் மேலே செமிசியின் குரல் எழுந்தது, ஊர்க் கழுதையும் காதைப் பொத்தும் ஒரு வசவு!

செமிசி எழுந்தார், செருப்புகூடப் போடாமல் வெளியே போய்ப் பலாவடியில் வீட்டுக்கு முதுகு காட்டி நின்றார்.

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "லேசி, சிவப்பு வயரு கழண்டுருச்சு. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

வீட்டுக்காரர் வாய்க்கும் வயரா இழுத்திருக்கிறோம்? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குள் வெளியிலிருந்து கத்தினார்: "லேசி, முன்னறை காலியாத்தான் கெடக்கு! அக்காவ போய்ப் பாக்கச் சொல்லு, திருப்பிக் காட்டுறானாம்!"

கல்யாணமான நாள் முதல் அக்கா இருக்கும் பக்கம் ஒரு சின்ன வசவுகூட விடாத மனிதர்! அந்த வசவு வாய் தவறி வந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஃபிஃபிதா ஓடிவந்து டிவிக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். மாகா மறுபடி பாய்ந்தான். அவள் அழுதாள், சிரித்தாள், திரையைத் தடவினாள். இன்னொரு கையில், பிடுங்கிய சிவப்பு வயர்.

செமிசி ஆட்டம் முடியும்வரை உள்ளே வரவேயில்லை.